உண்டியலோடு ஒரு மலை ஓட்டம்

ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியைச் சேர்ந்த மருத்துவர்கள் சிலர் 1999-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அறப்பணிகளுக்கு நிதி திரட்டுவதற்காகப் பாராசூட்டில் குதித்து, காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிய ஐந்தாண்டுக் கணக்கு அது. நல்ல காரியத்துக்காக அவர்கள் திரட்டித் தந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவச் சேவை 13.75 பவுண்டு செலவழிக்க நேர்ந்திருந்தது. காயம்பட்டு வந்தவர்களில் ஆகப் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குதித்தவர்கள். யாருடைய நோக்கத்திலும் பழுதில்லை. குதித்தவர்கள் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் குதித்திருப்பார்கள். காசு கொடுத்தவர்கள் மனமுவந்துதான் கொடுத்திருப்பார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மட்டும் ஊருக்கு நட்டம்.

நன்கொடைக்காக மலை மாரத்தான் ஓடுகிறவர்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பது கொஞ்சம் இரக்கமற்ற வேலையாகத் தோன்றலாம். அண்ணன் மகனோ, கூட வேலை பார்க்கிற பெண்ணோ வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு அனுப்புகிறார்: லடாக்கிலோ குடகிலோ ஓடப்போகிறேன், இன்ன அறக்கட்டளைக்கு இவ்வளவு திரட்ட ஆசை, உங்களால் இயன்றதைத் தாருங்கள். நாமும் ஐந்நூறோ ஆயிரமோ அனுப்பிவிட்டு, கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். அதற்குமேல் யோசிப்பதில்லை. நல்ல காரியத்தைத் தராசில் வைப்பது அநாகரிகம் என்று ஒரு கூச்சம். ஆனால் இங்கே மூன்று விஷயங்கள் கைமாறுகின்றன: கொடுப்பவரின் பணம், ஓடுபவரின் உடம்பு, மலையில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தூக்கிவர வேண்டியவரின் உழைப்பு. கூச்சப்பட்டு ஒதுங்கினால் மூன்றாமவரின் கணக்கு யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

முதலில் பணம். ஒருவர் மலையில் ஓடுவதற்கும் எங்கோ ஒரு குழந்தைக்கு இதய அறுவை நடப்பதற்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. அந்த அறுவைக்கு நேராகவே பணம் கொடுத்திருக்கலாம். பிறகு ஏன் ஓட வேண்டும்? கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. நன்கொடை தருவதற்கான வழி எளிதாகவும் இன்பமாகவும் இருந்தால் மக்கள் நிறையத் தருவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆய்வில் கண்டது நேர்மாறு. வலியும் உழைப்பும் தேவைப்படும் வழியைச் சொன்னபோதுதான் கூடுதலாகத் தர முன்வந்தார்கள். அதிலும் நோக்கம் மனிதத் துன்பத்தைப் பற்றியதாக இருந்தால் இந்த ஈர்ப்பு வலுக்கிறது. பூங்கா அமைப்பது போன்ற மகிழ்ச்சியான நோக்கமென்றால் தளர்கிறது. துன்பத்துக்குத் துன்பம்தான் ஈடு என்று மனசு எங்கேயோ கணக்கு வைத்திருக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வேற்றுமை உண்டு. நேர்த்திக்கடனில் வலி படுபவருக்கும் தெய்வத்துக்கும் நடுவே மூன்றாம் ஆள் கிடையாது. நன்கொடை ஓட்டத்தில் வலியைப் பார்த்துக் காசு போட ஒரு கூட்டம் உண்டு. பார்வையாளர் இருக்கிற இடத்தில் வலி காட்சியாவதற்கு அதிக நேரம் ஆகாது.

ஆனாலும் ‘கடினமான பந்தயம் என்றால் அதிகப் பணம்’ என்று இந்த ஆய்விலிருந்து முடிவு கட்டுவது பிழை. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது இங்கிலாந்தில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, தன் நூறாவது பிறந்தநாளுக்குள் வீட்டுத் தோட்டத்தின் 25 மீட்டர் நீளத்தை நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு நூறு தடவை கடப்பதாக அறிவித்தார். மொத்தமே இரண்டரைக் கிலோமீட்டர். மருத்துவப் பணியாளர் நலனுக்காகச் சேர்ந்த தொகை மூன்று கோடி பவுண்டைத் தாண்டியது. எந்த மலை ஓட்டக்காரரும் தனியாளாக நெருங்க முடியாத தொகை அது. ஆக, மனிதர்கள் மலையின் உயரத்தை அளந்து காசு போடுவதில்லை. இந்த ஆள் தன்னால் முடிந்ததன் எல்லைவரை போகிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். அவர் பெயரில் பின்னால் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளையின் நிர்வாகத்தில் முறைகேடு இருந்தது என்று 2024-இல் அறக்கட்டளைகள் ஆணையம் அறிக்கை தந்தது. முதலில் திரண்ட பெருந்தொகை வேறு, இந்த அறக்கட்டளை வேறு. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் ஓடுகிறவரின் நேர்மை, பணம் போய்ச்சேரும் இடத்தின் நேர்மைக்கு ஜாமீன் ஆகாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை யாரும் கடக்க முடியாது. எலும்புப் புற்றுநோயால் வலக்கால் அகற்றப்பட்டவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கப் புறப்பட்டவர். 1980 ஏப்ரல் 12-இல் நியூஃபவுண்ட்லாந்தில் தொடங்கினார். தினம் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். செப்டம்பர் 1-ஆம் தேதி, 143-ஆம் நாள், 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில் தண்டர் பே நகருக்கு அருகே நின்றார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தபோது அவருக்கு வயது 22. நாட்டு மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் என்ற அவருடைய இலக்கு அவர் கண்மூடுமுன்பே நிறைவேறியிருந்தது. பலரும் இந்தக் கதையைத் தியாகக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வேறு இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, புறப்படுவதற்கு முன்னால் அவர் ஓராண்டுக்கும் மேலாகப் பயிற்சி எடுத்தார். பயிற்சிக்காக மட்டுமே ஓடிய தூரம் சுமார் 5,000 கிலோமீட்டர். நாட்டின் குறுக்கே ஓடிய தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இடையில் ஒரு ஊர்ப் பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசி ஆளாக வந்திருக்கிறார். இரண்டு, அவர் முடிக்கவில்லை. மேற்குக் கடற்கரையைத் தொடவே இல்லை. அதற்காக யாரும் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. நின்ற பிறகுதான் வெள்ளமாக வந்தது. பணம் வந்தது எல்லைக்கோட்டுக்காக அல்ல. நாள் தவறாத ஓட்டத்துக்காக.

மலைக்கு இது இன்னும் பொருந்தும். மலையில் ஓடக் கற்றுக்கொள்வது என்பது பெரும்பகுதி மெதுவாகப் போகவும் திரும்பி வரவும் கற்றுக்கொள்வதுதான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது: நடையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 42 கிலோமீட்டரைச் சமதளத்தில் எட்டரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். அதே தூரத்தில் 2,000 மீட்டர் ஏற்றம் இருந்தால் பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்கும். ஓடுகிறவருக்கு நேரம் சுருங்கும், விகிதம் ஏறக்குறைய அதுவேதான். இதைச் சென்னைக்காரர் எங்கே பழகுவார்? பரங்கிமலை சுமார் 300 அடி. அதன் முழு உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால்கூட 2,000 மீட்டர் சேர்க்க இருபது தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். அதனால்தான் விடிகாலையில் மேம்பாலங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் ஏலகிரிக்கும் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வண்டி கட்டுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்றம்தான் பயம். உண்மையில் தொடையைத் தின்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிரேக் பிடிக்கிறது. அந்த வேலையில்தான் தசை இழைகள் நுண்ணளவில் சிதைகின்றன. மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்க வைப்பது இதுதான். ஆனால் தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் ஓடி அடிபட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்த அளவுக்குச் சேதம் செய்வதில்லை. உடற்பயிற்சி அறிவியலில் நன்றாக நிறுவப்பட்ட செய்தி இது. டிரெட்மில்லில் சரிவை உயர்த்தி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஏறியவருக்கு இந்தக் காப்பு கிடைக்காது. பந்தய நாளில் முப்பதாவது கிலோமீட்டரில், கீழே இறங்கும் கல்பாதையில் அவருடைய கால் கட்டுப்பாட்டை இழக்கும். கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பயிற்சி என்று சொல்லிவிட்டதாலேயே அதற்குச் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வருபவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 8 வாரத்திலும் இன்னொன்றுக்குப் படிப்படியாகக் கூட்டி 13 வாரத்திலும் பயிற்சி தந்து பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். ‘வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே’ என்று எல்லா ஓட்டக் குழுக்களிலும் ஓதப்படும் மந்திரத்துக்கு அந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. ஆகவே ஆறு மாதப் பயிற்சியில் பிசியோதெரபி பில் ஒன்றும் வரலாம். ஆனால் இந்தக் காயம் எங்கே நேர்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆட்டோ கிடைக்கிற சாலையில், செலவு ஓடுகிறவருடையது. அதே முட்டி வலி மழையில், மாலை ஐந்து மணிக்கு, வண்டி ஏறாத மலைச்சரிவில் வந்தால் செலவு இன்னொருவருடையது. பயிற்சியின் அறம் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது என்பேன். அது ஆபத்தை ஒழிப்பதில்லை; ஆபத்தைப் பிறர் தலையிலிருந்து தன் தலைக்கு மாற்றிக்கொள்கிறது.

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்றுக்கு இடம் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. 2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றுக் கல்வனப் பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் புறப்பட்டார்கள். மதியம் ஆலங்கட்டி மழையும் உறையவைக்கும் காற்றும் ஒன்றாக வந்தன. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். இறந்தவர்களில் லியாங் ஜிங் இருந்தார். சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவர், நம்மில் யாரும் கனவிலும் எடுக்க முடியாத பயிற்சியை எடுத்தவர். பயிற்சி அவரைக் காப்பாற்றவில்லை. ஒரு வகையில் அதுவே வினையானது: வேகமாக ஓடி முன்னால் போனவர்கள்தான் புயல் வந்தபோது மேட்டின் நடுவில் சிக்கினார்கள், பின்தங்கியவர்கள் திரும்பிவிட முடிந்தது. காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயப் பொருளாக இல்லை. ஓடி முடிப்பவர்களுக்குப் பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டிருந்தது. வண்டி போகாத அந்த ஏற்றத்தில் ஆறு பேரைக் குகைக்குள் இழுத்து நெருப்பு மூட்டிக் காப்பாற்றியது ஓர் ஆட்டிடையர்.

இதற்குப் பக்கத்தில் 2008 அக்டோபரில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நடந்ததை வைக்க வேண்டும். ஒரிஜினல் மவுண்டன் மாரத்தான் என்ற பெயரில், 1968-இல் வேறு பெயரோடு தொடங்கி நடந்துவரும் இரண்டு நாள் பந்தயம். இருவர் ஓர் அணி. கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, சாப்பாடு, மழைக்கோட்டு, வரைபடம், திசைகாட்டி எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு பாதையையும் தாங்களே கண்டுபிடித்து ஓட வேண்டும். அந்த ஆண்டு மழையும் வெள்ளமும் சூழ, முதல் நாளே பந்தயம் கைவிடப்பட்டது. நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று தொலைக்காட்சிகள் அலறின. மறுநாள் ஏறக்குறைய எல்லாரும் தாங்களாகவே நடந்து வந்து சேர்ந்தார்கள், யாரும் இறக்கவில்லை. பண்ணைக் கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் இரவைக் கழித்திருந்தார்கள். இரண்டு நிலமும் ஒன்றல்ல, இரண்டு வானிலையும் ஒன்றல்ல. நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் ஒரு பந்தயம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் திறனைச் சோதிப்பதாக அமைந்திருந்தது, இன்னொன்று முடிக்கும் திறனை மட்டும் சோதித்தது என்ற வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது. பயிற்சி என்று நான் சொல்வதில் முதுகுப்பையும், மழையில் வரைபடம் பார்ப்பதும், ‘போதும், இறங்குவோம்’ என்று துணைவரிடம் சொல்லப் பழகுவதும் சேர்த்தி. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது அதில் ஒரு வரி.

இரண்டுமே நன்கொடை ஓட்டங்கள் அல்ல. நன்கொடை உள்ளே வந்தால் என்ன ஆகிறது என்பதுதான் இந்த மதிப்பீட்டின் மையம். மலையில் சரியான முடிவு பல நேரம் பின்வாங்குவது. பின்வாங்குகிறவரின் மனத்தில் ஓர் உண்டியல் குலுங்கிக்கொண்டிருந்தால்? ‘கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் தருகிறேன்’, ‘முடித்துக் காட்டு, பத்தாயிரம் அனுப்புகிறேன்’ என்று மாமா சொல்லியிருக்கிறார். அந்த மாமாவுக்குத் தெரியாமலே அவர் ஒரு சூதாட்டப் பந்தயம் கட்டியிருக்கிறார். பணயம் மருமகனின் உடம்பு. திரும்பி இறங்கினால் குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டிய தொகை குறையும் என்ற எண்ணம், களைத்துக் குளிர்ந்த மூளையில் என்ன வேலை செய்யும் என்பதைச் சொல்ல உளவியலாளர் தேவையில்லை. முடிப்பவருக்குப் பரிசு என்ற கான்சு ஏற்பாட்டின் இன்னொரு வடிவம்தான் இது. பரிசை ஏழைகளின் பெயரில் எழுதிவிட்டதால் அழுத்தம் இரட்டிப்பாகிறதே தவிர, குறைவதில்லை.

பிரிட்டனின் ‘மூன்று சிகரம்’ சவாலைப் பார்த்தால் இந்த வகை முயற்சி எவ்வளவு கோணலாகப் போகலாம் என்று தெரியும். ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ், இங்கிலாந்தில் ஸ்காஃபெல் பைக், வேல்ஸில் ஸ்னோடன். மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அறப்பணியின் பெயரில் போகிறார்கள். நடக்கும் தூரம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. வேனில் போகும் தூரம் 700 கிலோமீட்டருக்கும் மேல். சவால் யாருக்கு என்று கேட்டால் ஓட்டுநருக்கு என்றுதான் சொல்வேன். நடுச்சிகரத்துக்குப் பலர் வந்து சேர்வது இரவிலோ விடிகாலையிலோ. வாஸ்டேல் ஹெட் போன்ற சிறு கிராமங்களில் கார் கதவு அறையும் சத்தம், நிரம்பி வழியும் வாகன நிறுத்தம், பாதையோரத்து மலம், அரித்துப்போன தடம் என்று நெடுநாள் புகார். வழிதவறினாலோ காலை உடைத்துக்கொண்டாலோ தூக்கிவரப் போவது உள்ளூர் மலை மீட்புக் குழு. அவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்தக் குழுக்களும் நன்கொடையில்தான் நடக்கின்றன. ஓர் அறப்பணிக்குப் பணம் சேர்க்கப் போனவர் இன்னோர் அறப்பணியின் பணத்தையும் தூக்கத்தையும் செலவழித்துவிட்டு வருகிறார். பாராசூட் கணக்கின் மலை வடிவம் இதுதான். கடிகாரத்தை எதிரியாக வைத்த ஏற்பாடு என்பதால் நின்று யோசிக்கவும் இடமில்லை.

நேர் எதிர்முனையில் ஹாங்காங்கின் டிரெயில்வாக்கர் என்ற நன்கொடை மலை ஓட்டம். அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேசலாம். 1970-களில் ஹாங்காங்கின் ஆளுநராக இருந்த முர்ரே மக்லிஹோஸ் நடைப் பிரியர். அவர் பெயரில் 1979-இல் நூறு கிலோமீட்டர் மலைத்தடம் ஒன்று திறக்கப்பட்டது. சாய் குங் பகுதியின் கடலோரத்தில் தொடங்கி, மா ஆன் ஷான், சிங்கப் பாறை, ஊசி மலை வழியாக, 957 மீட்டர் உயர தாய் மோ ஷானை ஏறிக் கடந்து மேற்கே துவென் முன் வரை பத்துப் பிரிவுகள். நடுவில் ஒரு பிரிவில் பையைப் பறிக்கும் குரங்குகள். அங்கே நிலைகொண்டிருந்த கூர்க்கா படையின் சிக்னல்ஸ் பிரிவு 1981-இல் இந்தத் தடத்தைத் தன் வீரர்களுக்கான பயிற்சியாக எடுத்துக்கொண்டது. 1986-இல் பொதுமக்களும் சேரலாம் என்றானது. ஆக்ஸ்ஃபாம் ஹாங்காங் என்ற தொண்டு நிறுவனம் கைகோத்தது. 1997-இல் ஆட்சி கைமாறி, கூர்க்காக்கள் போன பிறகு ஆக்ஸ்ஃபாமே நடத்திவருகிறது. பிறகு பெங்களூரு உட்பட உலகின் பல ஊர்களுக்குப் பரவியது.

பயிற்சியாகப் பிறந்ததன் அடையாளம் அதன் விதிகளில் இன்னும் இருக்கிறது. நால்வர் ஓர் அணி. 48 மணி நேரம். மிக வேகமானவர்கள் ஒரே பகலில் முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் ஓடியும் நடந்தும் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். நால்வரும் ஒன்றாகவே போக வேண்டும் என்பதால் வேகமான ஆள் தன் வேகத்தைக் காட்ட வழியில்லை; மெதுவான ஆளின் கொப்புளம்தான் அணியின் வேகம். ஓட்டக்காரரின் தற்பெருமையை இவ்வளவு எளிதாக அடக்கும் வேறொரு விதியை நான் அறியேன். மாதக்கணக்கில் வார இறுதிகளில் அதே தடத்தின் துண்டுகளை அணியாக நடந்து பார்க்கிறார்கள்: இரவில் ஒருமுறை, மழையில் ஒருமுறை. தடம் நகரத்தின் முதுகிலேயே இருப்பதால் விமானச் சீட்டு வேண்டாம், விடுதி வேண்டாம்; ஊர்க்காரர் பஸ் பிடித்துப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒவ்வோர் அணியும் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். கால் முடியாமல் நின்றவருக்காக ஏழைகளின் பங்கு குறைவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே வார இறுதியில் ஆயிரம் அணிகள் ஒரு மலைத்தடத்தில் இறங்கினால் மண் தாங்காது. இரவில் ஊசி மலையின் படிகளில் தலைவிளக்கு வரிசை பார்க்க அழகு, காட்டுயிர்களுக்கு அழகாக இருக்காது. திரட்டும் சக்தி பணக்கார நிறுவன அணிகளிடம் குவிவதும், விளம்பரச் சட்டைகளின் அணிவகுப்பாக அது மாறுவதும் உண்டு. ஆக்ஸ்ஃபாமின் பிரிட்டன் கிளை ஹைட்டியில் தன் ஊழியர்கள் சிலர் செய்த பாலியல் அத்துமீறலை மறைத்தது என்று 2018-இல் வெடித்த விவகாரம், வேறு கிளை என்றாலும், பெயரைப் பகிர்ந்துகொள்ளும் எல்லாரையும் தொட்டது. இவ்வளவையும் கழித்த பின்னும் மிச்சம் பெரிதாகவே நிற்கிறது.

இனி நம் ஊர்க்காரர்கள் அதிகம் கேட்கும் வகைக்கு வரலாம்: இமயமலை. லே நகரமே 3,500 மீட்டர். அங்கே 2012 முதல் நடக்கும் லடாக் மாரத்தானின் ஒரு பகுதியான கார்துங் லா ஓட்டம் 72 கிலோமீட்டர். ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய கணவாய் வழியாகப் போகிறது. நேபாளத்தில் 1987-இல் தொடங்கிய எவரெஸ்ட் மாரத்தான், 5,184 மீட்டர் உயர கோரக் ஷெப்பிலிருந்து நாம்சே பஜார் வரை இறங்கியும் ஏறியும் ஓடுவது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. மெரினாவில் எத்தனை ஆண்டு ஓடினாலும் இதற்கு உடம்பு பழகாது. பழக்கும் வழி ஒன்றே: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குள் கூட்டிக்கொண்டு, இடையிடையே ஓய்வெடுத்து, நாள்கணக்கில் அங்கேயே கிடப்பது. ஆக, இந்த ஓட்டங்களில் பயிற்சியின் முக்கால் பங்கை ஊரிலும் உயிர்காக்கும் கால் பங்கைப் பணம் கொடுத்து அங்கேயும் வாங்க வேண்டும். கணக்கு இங்கேதான் திரும்புகிறது. ஒரு பேச்சுக்கு, பயணமும் தங்குவதும் சாமான்களும் சேர்த்து எண்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்களிடம் ஒரு லட்சம் திரட்டுகிறார். செலவு அந்த ஒரு லட்சத்திலிருந்தே போனால், நாம் அனுப்பிய ஆயிரத்தில் எண்ணூறு அவருடைய விடுமுறைக்கு. எவரெஸ்ட் ஓட்டத்தைத் தொடங்கியவர்கள் திரட்டிய நிதி நேபாள மக்களுக்கே போகும்படி அமைத்தார்கள். செலவின் கணிசமான பகுதியும் அந்த ஊர்ச் சுமைதூக்குவோரிடமும் விடுதிக்காரர்களிடமும் தங்குகிறது. அதற்கு ஒரு நியாயம் உண்டு. சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்ட லடாக்குக்குப் பறப்பதில் அந்த நியாயமும் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இப்படிப் பிரிகிறது. நன்கொடைக்காக மலை மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பது தகும். நன்கொடைக்காக மலை மாரத்தானை முடிப்பது தகாது. முன்னது நிதி திரட்டலாகவும் மேலானது. ஆறு மாதம் ஒருவர் ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து லாங் ரன் போவதைப் பார்க்கிறவர்கள், பந்தய நாளின் ஒற்றைப் படத்தைப் பார்க்கிறவர்களைவிட நம்பிக் கொடுப்பார்கள். கேட்கிறவருக்கும் ஆறு மாதம் கேட்க வாய் இருக்கும். அந்தக் காலத்தில் உழைப்பு தன்னுடையது, காயமும் தன்னுடையது. பந்தய நாளுக்கு முந்தின நாள் உண்டியலை மூடி, பணத்தை உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். நூற்றுக்கு நூறும். நுழைவுக் கட்டணம், ரயில், காலணி எல்லாம் ஓடுகிறவர் கைக்காசு. மறுநாள் மேகம் கறுத்தால் பத்தாவது கிலோமீட்டரிலேயே திரும்பலாம். யாருக்கும் பாக்கி இல்லை. டிரெயில்வாக்கர் இந்த அளவுகோலில் தேறுகிறது. மூன்று சிகரம் தேறாது. எத்தனை லட்சம் திரட்டினாலும் தேறாது. மலை அருகிலேயே இருக்கிற நீலகிரிக்காரரோ ஏற்காட்டுக்காரரோ தன் ஊர் மலையில் தன் ஊர்ப் பள்ளிக்காக ஓடினால், பதக்கமே இல்லாவிட்டாலும், ஹாங்காங் அணியைவிட ஒரு படி மேலே வைப்பேன். லடாக் போக ஆசைப்படுகிற அண்ணன் மகனைத் தடுக்க எனக்கு மனமில்லை. தன் சம்பளத்தில் போகட்டும், நல்ல மேலங்கி வாங்கிக்கொள்ளட்டும், ஒரு வாரம் முன்னதாகவே போய்த் தங்கட்டும். அறக்கட்டளையின் பெயரைச் சட்டையில் அச்சடிப்பதற்கு முன்னால் பயணச் செலவையும் திரட்டிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பட்டும். இரண்டாவது எண் சிறியதென்றால் அது சுற்றுலா. வாழ்த்து அனுப்புவேன், பணம் அந்த மருத்துவமனைக்கு நேராகப் போய்விடும்.